கேன் நிறையணும்

மாஜிதா: காசிராஜன் அண்ணே, மறுபடியும் கேக்கேன். இந்தக் கேன்ல இருக்கது அம்புட்டும் உங்களோடதுதானா?

காசிராஜன்: பின்னே? ராஜபாளையத்துலேருந்து பஸ்ஸுல மடியிலயே வச்சுக் கொண்டாந்திருக்கேன். கண்டக்டர் நல்லெண்ணெயான்னு கேட்டான்.

குருவம்மாள்: இவிய ஆமான்னுட்டாக! அவன் ஒரு லிட்டர் ஊத்துங்கன்னு பாட்டிலை நீட்டிட்டான்.

மாஜிதா: அக்கா, எங்க எந்திரிக்கீக?

குருவம்மாள்: செத்த... பின்பக்கம் போயிட்டு வந்துருதேன். ஒரு செம்பு தண்ணி எடுத்து வைங்க தாயி, நாக்கு ஒட்டுது. சீக்கிரம் முடிச்சீகன்னா பஸ் ஏறுமுன்ன பால்கோவா வாங்கிருவேன்.

காசிராஜன்: என் பொஞ்சாதி திருவில்லிபுத்தூருக்கு வாரதே பால்கோவாவுக்குத்தான். அவளை விடுங்க. கிட்னி நல்லாருக்குன்னு எனக்கு ஒரு சீட்டு வேணும். நாளைக்கு மில்லுல குடுத்தாத்தான் பெர்மனன்ட் பண்ணுவாக. ஒம்பது வருசமா டெம்பரவரி தாயி... பயத்துல ரெண்டு நாளா சோறு எறங்கல.

மாஜிதா: கால் வீங்குதுன்னு மில் டாக்டர் இந்த லேபுக்கு அனுப்புனாரு. ஒரு நாள் பூரா போற ஒண்ணுக்கைப் பிடிச்சிட்டு வாங்கன்னு நான் கேன் குடுத்தேன்.

காசிராஜன்: பிடிச்சிட்டேன்ல?

மாஜிதா: ஒரு மனுசன் ஒரு நாளைக்கு ஒண்ணரை லிட்டர் போவான். மிஞ்சிப்போனா ரெண்டு. இது அஞ்சு லிட்டர் கேன். மூடியைத் தொறந்தா வழியுது!

காசிராஜன்: அப்ப என் கிட்னி டபுள் புரடக்சன். சீட்டுல அதையே எழுதிருங்க.

மாஜிதா: அண்ணே... கிட்னி என்ன வேலை பாக்குதுன்னு தெரியுமா? ரத்தத்தைத் திரும்பத் திரும்ப வடிகட்டுது. ஒரு நாளைக்கு நூத்தியெம்பது லிட்டர்.

காசிராஜன்: ஏயப்பா! அப்ப நான் கொண்டாந்தது கம்மிதானே?

மாஜிதா: முழுசாக் கேளுங்க! வடிச்சதுல தண்ணி, உப்பு, சக்கரைன்னு தேவையானதையெல்லாம் மறுபடி ரத்தத்துக்கே எடுத்துக்கிடும். கழிவை மட்டும் கொஞ்சம் தண்ணியோட வெளிய விடும்.

காசிராஜன்: ஓ... மில்லுல வேஸ்ட்டுல கெடக்க நல்ல பஞ்சைப் பொறுக்கி, மறுபடி நூல் நூக்க மிக்சிங்ல போடுதோமே, அந்த மாதிரி.

மாஜிதா: அதேதான். நெறைய வேர்த்துச்சுன்னா கஞ்சமாயிரும். உடம்புல தண்ணி குறையுதுன்னு உள்ளயே இழுத்து வச்சுக்கிட்டு, கொஞ்சமா, மஞ்சளா விடும். நீங்க நேத்து எட்டு மணி நேரம் மில்லு சூட்டுல நின்னிருக்கீக.

காசிராஜன்: நின்னேன்...

மாஜிதா: எம்புட்டு போச்சு?

காசிராஜன்: ஒரு... சோடா பாட்டில் இருக்கும்.

மாஜிதா: மிச்சம்?

காசிராஜன்: மிச்சமும் ஒண்ணுக்குத்தான் தாயி.

மாஜிதா: அண்ணே!

காசிராஜன்: மேஸ்திரி கேனை எட்டிப் பாத்துட்டாரு தாயி. அஞ்சு லிட்டர் கேன் குடுத்தா அஞ்சு லிட்டர் குடுக்கணும்ல, குறைஞ்சா ஃபெயில் ஆக்கிருவாகன்னாரு. எங்க டிபார்ட்மென்ட்ல ஒருத்தனுக்கு நூல் குறைஞ்சா, பக்கத்து மிஷின்காரன் தன்னோடதுல நாலு குழல் தூக்கிப் போடுதது வழக்கம்...

மாஜிதா: யா அல்லா!

காசிராஜன்: ஐயாதுரை, கருத்தப்பாண்டி, ஹுமாயூன்... தங்கமான பயலுவ. வரிசையில நின்னானுவ.

மாஜிதா: மேஸ்திரி?

காசிராஜன்: அவருதான் மொதல்ல.

குருவம்மாள்: வந்துட்டேன்... தண்ணி எங்க தாயி?

மாஜிதா: இந்தாங்க. அண்ணே, இப்ப வந்ததும் சின்னச் சீசாவுல குடுத்தீகளே, அது யாரோடது?

காசிராஜன்: அது சத்தியமா என்னோடது. நீங்கதான் கதவுக்கு வெளிய நின்னீகளே.

மாஜிதா: கிட்னி ஒழுகி அதுல புரதம் போகுதான்னு காய்ச்சிப் பாத்தேன். ஒரு குத்தமும் இல்ல. நின்னுக்கிட்டே வேலை பாக்கதுலகூட கால் வீங்கும். அஞ்சு மணிக்கு எங்க லேப் டாக்டர் வந்து பாத்துச் சீட்டு எழுதுவாரு. பயப்படாதீக.

காசிராஜன்: குருவம்மா! கேட்டியாட்டி!

குருவம்மாள்: கேட்டேன், கேட்டேன்... ஆண்டாத் தாயே, என் வயித்துல பாலை வார்த்த! தாயி, இன்னொரு செம்பு...

மாஜிதா: ஆனா கேன்ல இருந்ததை நீலத் தண்ணியில விட்டுக் காய்ச்சினா, செங்கல் கலராயிருச்சு.

காசிராஜன்: அப்படின்னா?

மாஜிதா: சக்கரை. இதுல ஊத்துன யாருக்கோ சக்கரை வியாதி இருக்கு. ரத்தத்துல சக்கரை ரொம்ப மிஞ்சிப் போச்சுன்னா, கிட்னியால அம்புட்டையும் திருப்பி எடுக்க முடியாது. அது போகையில தண்ணியையும் கூடவே இழுத்துட்டுப் போயிரும். அடிக்கடி ஒண்ணுக்கு வரும். பொறவு நாக்கு வறளும். பொறவு தண்ணி, தண்ணின்னு...

காசிராஜன்: ஐயையோ! மேஸ்திரிதான்! ஒரு நாளைக்கு ஆறு டீ குடிப்பாரு.

மாஜிதா: ஷிப்டு முடியும்போதே கேன் நிறைஞ்சிருச்சா?

காசிராஜன்: எங்க? ஒண்ணரை லிட்டர் குறைச்சலாத்தான் வீட்டுக்குக் கொண்டாந்தேன். காலையில பாத்தா கழுத்துவரை நிக்குது. தூக்கக் கலக்கத்துல நாந்தான் போயிருப்பேன்னு...

மாஜிதா: ஒண்ணரை லிட்டர். தூக்கக் கலக்கத்துல.

காசிராஜன்: ...ஏட்டி குருவம்மா, இப்ப எங்க மறுபடி எந்திரிக்க?

குருவம்மாள்: உங்க வேலை போயிரக் கூடாதேன்னுதான்... ராத்திரி அஞ்சு தடவ எந்திரிச்சேன், ஒரு சொட்டு வீணாக்கல. எனக்குச் சக்கரைன்னு போன மாசமே டாக்டர் சொல்லிட்டாருங்க... சொன்னா நீங்க பால்கோவாவை நிப்பாட்டிருவீகள்ல?