கற்பூரம் அடிச்ச கை

இல்ல தேவகி, அழிக்க மாட்டேன்னு நான் சொல்லவே இல்லையே. மொதல்ல இப்படி ஃபேனுக்கு நேரா உக்காரு. கோலாலம்பூர்லேருந்து கட்சி உன்ன இவ்வளவு தூரம் அனுப்பியிருக்கு, எதுக்கு, என் ஃபோன்ல இருக்கிற ஒரு ரெக்கார்டிங்க அழிக்க. அழிச்சிரலாம் லா. கோப்பியக் குடி. அதுக்குள்ள கொஞ்சம் பேசிக்கிறேன்.

நான் என்ன வேலை பாக்குறேன்னு தெரியுந்தானே? ஆமா, எதிர்க்கட்சி வேட்பாளரோட வண்டவாளத்தத் தேடிக் குடுக்குறது. உங்க ஆபீஸ்ல அதுக்கு ஒரு நல்ல இங்கிலீஷ் பேரு வச்சிருப்பீங்க. இங்க கூலிம் கிளையில ஒரே பேருதான், பொறணி. மோகனாக்கா பொறணி கொண்டாந்திருக்கு, உள்ள விடுங்கன்னு சொல்லிச் சிரிப்பானுங்க.

எங்க போய்த் தேடுவேன்னா, கருமாதி வீட்டுல, கோயில் அன்னதானத்துல, வெங்காயம் உரிக்கிற எடத்துல போய் உக்காந்துக்குவேன். முன்னால பந்தல்ல நாற்காலி போட்டுப் பேசுறதெல்லாம் மரியாதைக்குப் பேசுறது. நெசம் பூரா பின்னால, அருவாமணை இருக்கிற பக்கந்தான் வரும். கேட்டத அப்படியே கொண்டு போய்க் குடுத்தா பொறணிதான், ஒத்துக்கிறேன். நான் அப்படிக் குடுத்ததில்ல. ஆளப் போய்ப் பாப்பேன், எடத்தப் போய்ப் பாப்பேன், வேற வாயிலேருந்து அதே சேதி வருதான்னு காத்துக் கெடப்பேன். போன தேர்தல்ல கோத்தா கோலா மூடாவுல ஒருத்தன், நான் இந்த மண்ணுலயே கெடக்குறவன், இங்கயே சாவேன்னு செராமாவுக்கு செராமா, கூட்டத்துக்குக் கூட்டம் மைக்கப் புடிச்சு அழுதான். மீன் வாங்கப் போற மாதிரி அவன் தெருவுக்குப் போனேன். வீட்டு வாசல்ல புல்லு முட்டி ஒசரம் நிக்கிது. ஆளு குடும்பத்தோட குடியிருக்கிறது பினாங்குல. ஃபோட்டோ எடுத்துக் குடுத்தேன், அவன் கதை முடிஞ்சிச்சு. ஜெயிச்ச அன்னைக்குக் கொடி கட்டுனவனுக்கு மாலை, பிரியாணி கிண்டுனவனுக்கு மாலை. நான் பின்வாசல்ல என் செருப்பத் தேடிக்கிட்டு இருந்தேன்.

என்ன? அசிங்கமான வேலைன்னா? உன் வயசுல எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. ஏம்மா, ஊரே மாலையோட முன்னால நிக்கிது. யாராச்சும் ஒரு ஆளு முதுகுப் பக்கம் போய்ப் பாக்க வேணாமா? பாக்கலைன்னா என்ன ஆகும்? காளிதாசன் மாதிரி ஆளு வருவான், அதான் ஆகும்.

உனக்கு அவன இந்த ஒரு மாசமாத்தான் தெரியும். எங்களுக்கு அவன் வேன் தவுக்கே, மொதலாளி. தோட்டத்துப் பொண்ணுங்கள சிஃப்ட்டுக்கு ஃபேக்டரிக்கு ஏத்திக்கிட்டுப் போற வேனெல்லாம் அவனோடது. அதுல ஒன்ன ஓட்டுனவரு பரஞ்சோதி. காலை சிஃப்ட்டுக்குப் போறப்ப, எறக்கத்துல, நின்ன லாரிக்குப் பின்னால போய் சொருகிருச்சு. மூணு பொண்ணுங்க போச்சு. டிரைவரும் அங்கேயே போயிட்டாரு. சீட்டுக்குக் கீழ சம்சு சாராயப் போத்தல் கெடந்துச்சாம். போத்தல மொதல்ல பாத்தது யாருன்னா காளிதாசன். போலீஸ் வரதுக்கு முன்னாலயே பாத்துட்டான்.

ஜனம் கொதிச்சிருச்சு. வேன்ல கோளாறுன்னு சிலர் பேசுனாங்க. அவன் என்ன பண்ணான், நேரா தோட்டத்துக் காளியம்மா கோயிலுக்கு வந்தான். நீ பாத்திருக்க மாட்ட. கற்பூரத்த ஏத்தி வச்சு, எரியிறப்பவே உள்ளங்கையால அடிச்சு அணைக்கணும். பொய் சொல்றவன் கை அங்க எறங்காதுன்னு எங்க ஆளுங்க நம்புவாங்க. அவன் கை எறங்குச்சு. வேன் சுத்தமா இருந்துச்சு, பரஞ்சோதி குடிச்சிட்டுத்தான் ஓட்டுனான், தாயி மேல ஆணைன்னு ஓங்கி அடிச்சான். முடிஞ்சிச்சு. அதுக்கு மேல ஒருத்தர் வாயத் தெறக்கல. டிரைவர் ரத்தத்தச் சோதிச்சாங்களா, அந்த வேன கடைசியா யாரு ரிப்பேர் பாத்தா, எதையும் கேக்கல. கற்பூரமே அடிச்சிட்டானே, இனிமே கேட்டா சாமி குத்தம். எங்க ஆளுங்க புத்தி அது. அதத்தான் அவன் நல்லாத் தெரிஞ்சு வச்சிருந்தான்.

பரஞ்சோதி பொணத்தத் தூக்க லயத்துல ஆளு வரல தெரியுமா? தப்பு அடிக்கிறவங்க கூட வரல. செத்துப்போன ஒரு பொண்ணோட அம்மா செல்லாயி, அவரு பொண்டாட்டி மேல மண்ண வாரித் தூத்துனா. செல்லாயிய நான் குத்தம் சொல்ல மாட்டேன், பெத்த வயிறு. ஆனா அந்தப் பொம்பளைக்கு அப்புறம் அந்தக் கோயில்ல விபூதி கூட நீட்டல. வீட்டக் காலி பண்ணிக்கிட்டு டவுனுக்கு ஓடியாந்துட்டா.

சரி, சரி, ரெக்கார்டிங்குக்கு வரேன். இந்தத் தேர்தலுக்கு எதிர்க்கட்சியில காளிதாசன் நிக்கப் போறான்னு பேச்சு வந்துச்சு. நம்ம கட்சிப் பெரியவரு தர்மலிங்கம் வைபி என்னைக் கூப்புட்டு, தோண்டுன்னு சொன்னாரு. தோண்டுனேன். அவன் வேனுக்கெல்லாம் ரிப்பேர் பாத்த அம்மாசி, ஒரு கருமாதி வீட்டுல அடுப்புக்கு வெறகு தள்ளிக்கிட்டு இருந்தாரு. அவருகிட்ட மாசக்கணக்கா நடந்தேன். ஒரு நாள் ஒடைஞ்சு அழுதுட்டாரு. பிரேக்கு போச்சு, வேன வெளிய எடுக்காதீங்கன்னு சொல்லியிருக்காரு. டிரைவரும் அதையேதான் சொல்லியிருக்காரு. வேன் நின்னா காண்ட்ராக்ட் போயிரும், ஓட்டுறியா வேலைய விட்டுப் போறியான்னு கேட்டிருக்கான் காளிதாசன். அவ்வளவையும் அம்மாசி என் ஃபோன்ல சொன்னாரு.

வைபி கேட்டாரு. எழுந்து நின்னு கையெடுத்துக் கும்புட்டாரு எனக்கு. இத்தன வருஷத்துல மொதத் தடவ. நானும் பைத்தியம் மாதிரி நம்புனேன், செராமாவுல ஊரறியப் போட்டுக் காட்டுவாரு, பரஞ்சோதி குடிக்கலைன்னு காளிதாசன் வாயாலயே சொல்ல வைப்பாருன்னு. எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்னுதான். மறு வாரம் பாத்தா நம்ம கொடிக்குக் கீழ காளிதாசன் சிரிச்சிக்கிட்டு நிக்கிறான். பேனர்ல. நம்ம கட்சி வேட்பாளராம்! தவளை கட்சி தாவிருச்சுன்னு கூலிம் பாசா சந்தையில மீன்காரன் வரைக்கும் சிரிக்கிறான். நான் தேடிக் குடுத்தத வச்சு அவன அடிக்கல, அதக் காட்டியே அவன நம்ம பக்கம் வாங்கிட்டாங்க. என் வேலைக்கு மதிப்பே இல்லைன்னு இவ்வளவு நாளா பொலம்புனேன் பாரு, அதோட மதிப்பு அன்னைக்குத்தான் தெரிஞ்சிச்சு.

இந்தா ஃபோன். நீயே அழி. வேற காப்பி இல்ல, சத்தியமா. ஏன் அப்படிப் பாக்குற? எங்க தோட்டத்துல ரெக்கார்டிங்க யாரு நம்புவா? கம்ப்யூட்டர்ல செஞ்சதும்பான், குரல மாத்திட்டாங்கம்பான். இத்தன வருஷம் தோண்டியும் எனக்கு அது ஒறைக்கல. அவங்க நம்புறது ஒன்னே ஒன்னுதான்.

வெள்ளிக்கிழமை காளியம்மா கோயில் திருவிழா, காளிதாசன் மாலை மரியாதை வாங்க வரான், அதான? நோட்டீஸே நீங்கதானே அடிச்சீங்க. அம்மாசியும் வராரு. அவன் கழுத்துல மாலை விழுந்ததும் அவரு முன்னால போய்க் கற்பூரத்த ஏத்தி அடிப்பாரு, பிரேக்கு இல்லைன்னு. அடிச்சிட்டு, நீயும் அடின்னு அவன் கையப் பாப்பாரு. செல்லாயியும் அங்க நிக்கிறா, நானே போய்ச் சொல்லிட்டு வந்துட்டேன். என்னைப் பாத்து மூஞ்சத் திருப்பிக்கிட்டா, ஆனா வரேன்னா. அம்மாசிக் கிழவனுக்குப் பயந்தான். இருந்தாலும் வரேன்னு சொல்லிட்டாரு.

போய்ச் சொல்லு. இப்பவே ஃபோன் போட்டுச் சொல்லு, எனக்கென்ன. வரலைன்னா ஊருக்குப் புரிஞ்சிரும். வந்தா அவன் கை இன்னொரு தடவ எறங்குதா பாப்போம்.

கட்சிக்குத் துரோகமா? உங்கள ஒன்னு கேக்கணும்னு இருந்தேன். ஊருல இருக்கிறவன் பொண்டாட்டி, பிள்ளை, கொழுந்தியா வீடு வரைக்கும் தோண்டச் சொன்னீங்களே. தோண்டிக் குடுக்குற இந்தப் பொம்பள யாரு, எந்தத் தோட்டம், யாரு பொண்டாட்டின்னு உங்கள்ல ஒருத்தராவது கேட்டீங்களா? பின்வாசல்ல நிக்கிறவ தானேன்னு விட்டுட்டீங்க.

அன்னைக்குக் காலையிலயும் இந்த மாதிரிதான் ஒரு கிளாஸ் கோப்பி போட்டுக் குடுத்தேன். நின்னுக்கிட்டே குடிச்சாரு. பிரேக்கு சரியில்ல மோகனான்னாரு, என் தோள்ல கெடந்த துண்டுல வாயத் தொடச்சாரு, வேன எடுக்கப் போயிட்டாரு. சம்சு வாசம் அடிச்சா எனக்குத் தெரியாதா?