ரோமரோடு நின்ற ராசா

"ஷெல் வருது! படுங்கோ! எல்லாரும் படுங்கோ!"

அண்ணையின் குரல். மண்ணில் முகம் புதைக்கிறேன். முதலில் கூவல். பிறகு வெடி. 2009 சித்திரை. அப்பா எழும்பவில்லை. அவரை மூடச் சேலைகூட இல்லை. விட்டுவிட்டு ஓடினோம். இடுப்பளவு தண்ணீரில் நீரேரியைக் கடந்தோம்.

அக்கரையில் இராணுவம். பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்தபடி ஒரு தமிழன். இராணுவம் கொடுத்த ஜீப். இராணுவம் கொடுத்த பிஸ்டல். முகத்தை மறைக்கக்கூட இல்லை.

"தம்பி எந்த ஊர்? ஆற்றை மகன்?"

யாருடைய பிள்ளை என்று எங்கள் ஆட்கள் யாரைக் கண்டாலும் கேட்கிற கேள்வி. தமிழைக் கேட்டதும் அம்மாவுக்கு உயிர் வந்தது. ஊரைச் சொன்னாள். அப்பாவின் பெயரைச் சொன்னாள். புலிகள் இயக்கம் அண்ணையைச் சண்டைக்குப் பிடித்துக்கொண்டு போனதையும் அவன் தப்பி வந்ததையும் சொன்னாள். கதிரையில் இருந்தவன் இராணுவத்தைப் பார்த்துத் தலையாட்டினான். அண்ணையை பஸ்ஸில் ஏற்றினார்கள். அந்த பஸ் எங்கே போனது என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

இப்போது லண்டனில், ஃபாரஸ்ட் கேட்டில் இருக்கிறேன். அருங்காட்சியகம் ஒன்றில் காவல் வேலை. நான் காவல் நிற்கிற அறையில் ஒரு பழைய நாணயம். ஒரு பக்கம் ரோமப் பேரரசன். மறுபக்கம் ரோமருக்குக் கீழே இருந்த திரேசியா நாட்டு அரசன். தன் சனம் ரோமருக்கு எதிராக எழும்பியபோது ரோமரோடு நின்ற பரம்பரை. அதைப் பார்க்கும்போதெல்லாம் கதிரையில் இருந்த அந்தத் தமிழன்தான் ஞாபகம் வருவான்.

போன மாதம் ஒருவர் பேரனோடு அதன் முன் நிற்கிறார். நல்ல கோட். என் பெயர் அட்டையைப் பார்க்கிறார்.

"பிள்ளை எந்த ஊர்? ஆற்றை மகள்?"

அதே குரல். அதே முகம். ஊரைச் சொன்னேன். அப்பாவின் பெயரைச் சொன்னேன்.

"நீரேரிக்கரையில நீங்கள் காட்டிக்குடுத்த பெடியன்ர தங்கச்சி."

முகம் செத்துப்போனது. நான் விடவில்லை.

"இந்த ராசாவின்ர பரம்பரையில கடைசி ஆளைச் சொந்த வீட்டு ஆக்களே கொலை செய்தவையாம். பிறகு ரோமர் நாட்டையும் எடுத்திட்டினம்."

பேரனை இழுத்துக்கொண்டு ஓடினான். ஓடட்டும். எங்கள் சனத்துக்குள் ஒருவனின் பெயரையும் விலாசத்தையும் விசாரிக்க ஒரு கோயில் திருவிழா போதும். பொலிஸில் கொடுத்துவிட்டேன். பொறுமையாக இருக்கச் சொல்கிறார் வழக்கறிஞர். எனக்குப் பொறுமை வேண்டாம். அவன் கூண்டில் நிற்க வேண்டும். பேரன் அதைப் பார்க்க வேண்டும்.

இழந்தவற்றைச் சொல்கிறேன். அப்பா. அவருடைய உடல். அண்ணை, பத்தொன்பது வயது. அம்மா, "நான்தானே சொன்னனான்" என்று சொல்லிச் சொல்லியே முகாமில் செத்தாள். வீடு. வீட்டைச் சுற்றின வளவு.

அவன் இழந்தது ஒன்றுமில்லை. இன்னும்.