மீரான் காணாத கனவு

விளக்கைச் சின்னதாக்குங்கள். இன்னும் நெருங்கி உட்காருங்கள், பயந்தாங்கொள்ளிகள் நடுவில் வரலாம். நம் காளிராஜோடு சிவகாசித் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்த மீரானுக்கு நடந்தது இது. ஐம்பத்தெட்டாம் வருஷம்.

மஃரிபு தொழுகை முடிந்து இருட்டிக்கொண்டு வருகிற நேரம்... சாத்தூருக்கு மேற்கே கரிசல்காட்டு வண்டிப்பாதை. ஆள் நடமாட்டம் கிடையாது. பாதை முடிகிற இடத்தில் ஒரு தர்கா. கிட்டே போகப் போகச் சாம்பிராணி வாசம், அதோடு மூத்திர நெடி. அப்புறம் அந்தச் சத்தம்... கல்லில் இரும்பு இழுபடுகிற சத்தம்.

அங்கேதான் மீரானின் தங்கை ஜைத்தூனைத் தூணில் கட்டிப் போட்டிருந்தார்கள். பெற்ற பிள்ளை செத்ததிலிருந்து அவள் யாரோடும் பேசவில்லை. சுவரில் மண்டையை மோதிக்கொண்டாள். ஜின் பிடித்திருக்கிறது என்றார் அவர்களைப் பெற்ற அத்தா. "சீக்குக்கு மருந்து தேடுறதும் மார்க்கம்தான், மதுரைக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று பள்ளிவாசலில் தொழவைக்கும் அசரத்து சொல்லிப் பார்த்தார். அத்தா காதில் ஏறவில்லை.

அந்தத் தர்காவில் ஒரு வழக்கம். அங்கே அடங்கியிருக்கும் பாவா, நோயாளியின் கனவிலோ ரத்த உறவின் கனவிலோ வந்து 'போகலாம்' என்று உத்தரவு கொடுக்க வேண்டும். அதுவரை தர்காவைப் பார்த்துக்கொள்ளும் லெப்பை சங்கிலிப் பூட்டைத் திறக்க மாட்டார். வருஷக்கணக்கில் காத்துக் கிடந்தவர்கள் உண்டு.

மீரானுக்குக் கனவே வரவில்லை. தங்கையின் கணுக்காலில் புண் வைத்துவிட்டது. அன்று பொய் சொன்னான்.

"பாவா வந்தாக. தங்கச்சியை விடச் சொன்னாக."

பாவா சமாதியின் கபுருப் போர்வையைப் பிடித்துச் சத்தியமும் பண்ணினான். பூட்டு திறந்தது. ஜைத்தூன் எழுந்தாள். முக்காட்டை இழுத்துவிட்டாள். நேராக நடந்துபோய் அத்தாவின் வண்டியில் ஏறி உட்கார்ந்தாள்.

மீரானும் வாசல்படி வரை வந்துவிட்டான். ஓர் எட்டு வைத்தால் வெளியே... அங்கே தாயில்பட்டி முருகம்மாள் அவன் காலில் விழுந்தாள். மகனைச் சங்கிலியில் விட்டுவிட்டுக் கனவுக்குக் காத்திருந்தவள் அவள்.

"எய்யா, என்னத்த வேண்டிக்கிட்டீக? எனக்கும் சொல்லுங்கய்யா."

பேசாமல் வந்திருக்கலாம். மடையன், மனசு கேட்கவில்லை.

"நான் கனவே காணலம்மா. பொய் சொன்னேன். நீங்களும் பொய் சொல்லி மகனை டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போங்க."

லெப்பைக்குக் கேட்டுவிட்டது. அவர் கோபப்படவில்லை.

"அந்தப் புள்ள தெளிஞ்சு நடந்து போச்சு, கண்ணால பாத்தோம். கனவு மெய்தான். பொய்யின்னு பேசுறது மீரான் இல்ல. அவளை விட்டது இவன் மேல ஏறிருச்சு."

"நான்தான் பேசுறேன்! அத்தா, சொல்லுங்க அத்தா!"

அத்தாதான் முதலில் ஓடிவந்து, சங்கிலி மாட்ட அவன் காலை அமுக்கிப் பிடித்தார்... அழுதுகொண்டே. அதே தூண், அதே சங்கிலி. இரும்பில் தங்கையின் கால்சூடு இன்னும் இருந்தது.

கத்தினால், "ஜின்னு கத்துது" என்றார்கள். வாயை மூடினால், "பதுங்குது" என்றார்கள். எனக்கு ஒன்றுமில்லை என்று நிதானமாகச் சொன்னால், "எம்புட்டுத் தந்திரம் பாத்தீகளா" என்றார்கள். இதிலிருந்து எவன் வெளியே வர முடியும், சொல்லுங்கள்.

வியாழக்கிழமை ஜைத்தூன் வந்தாள். படிய வாரின தலை, வெளுத்த சேலை, கையில் தூக்குச்சட்டி. எல்லோரிடமும் சிரித்துப் பேசினாள். மீரானுக்கு அழுகையே வந்துவிட்டது. பிழைத்துவிட்டாளே, அது போதும்.

அவள் சோறு பிசைந்து ஊட்டும்போது காதோரம் கெஞ்சினான்.

"ஜைத்தூனு... நீயும் கனவு கண்டேன்னு ஒரு பொய் சொல்லும்மா. அண்ணனை விட்டுருவாக."

சோற்றுக்கை பாதியில் நின்றது. அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். குனிந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"எல்லாரும் அந்தப் பேரச் சொல்லியே கூப்பிடுறாக... யாரு அவ?"