மூணாவது பெடல்

அண்ணன்: என் கார்ல பெடல் ரெண்டுதான் இருக்கு.

தங்கை: ரெண்டுதான் இருக்கும். பிரேக்கு, ஆக்சிலேட்டர். கிளட்ச்சைக் கழட்டியாச்சு.

அண்ணன்: பதினெட்டு வருஷமா மிதிச்ச கிளட்ச்சு...

தங்கை: அதை மிதிக்க இடது கால் வேணுமே.

அண்ணன்: அடிப்பாவி! மூஞ்சிக்கு நேரா சொல்றியே.

தங்கை: பின்னே? கால் போன நாள்லேர்ந்து வீட்ல எல்லாரும் சுத்தி வளைச்சுப் பேசினாங்க. என்ன ஆச்சு? ஒரு வருஷமா ஜன்னலே கதின்னு உக்காந்துட்ட.

அண்ணன்: சரி, சரி... எஞ்சின் என் எஞ்சின்தானே?

தங்கை: அதேதான். இதே மாடல் கார் ஒண்ணு, கியர் தானா மாறுற ஆட்டோமேட்டிக், பின்பக்கம் நசுங்கி பழைய வண்டிக் கடையில கிடந்துச்சு. அதோட கியர்பாக்ஸு, கம்ப்யூட்டரு, வயரிங்கு எல்லாத்தையும் எடுத்து இதுல...

அண்ணன்: யாரு மாட்டினா?

தங்கை: ...எங்க ஒர்க்‌ஷாப் முதலாளிதான்.

அண்ணன்: ஓ.

தங்கை: என்ன ‘ஓ’? ஒர்க்‌ஷாப்ல அவரை விட்டா யாரு இருக்கா? நான் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தேன்.

அண்ணன்: அஞ்சு வாரமாவா? முழங்கை வரைக்கும் கிரீஸ் ஏறியிருக்கு!

தங்கை: பேச்சை மாத்தாத. பிரேக்கை மிதி, சாவியைத் திருப்பு.

அண்ணன்: ம்... சத்தம் மாறவே இல்லை. என் வண்டிதான்.

தங்கை: பிரேக்கை விடாம லிவரை ‘டி’ல வை. இப்ப மெதுவா விடு.

அண்ணன்: ஐயையோ, தானா நகருதுடி!

தங்கை: நகரும். அப்படியே ஒர்க்‌ஷாப் கேட்டைத் தாண்டு.

அண்ணன்: ரோட்டுக்கா? இங்கேயே ரெண்டு சுத்து சுத்திட்டு...

தங்கை: ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல வண்டியைக் காட்டி அனுமதி வாங்கியாச்சு. உன் லைசென்ஸும் மாத்தியாச்சு. இன்னும் என்ன சாக்கு?

அண்ணன்: இரு... கால் தேடுது.

தங்கை: எந்தக் கால்?

அண்ணன்: இல்லாத கால்தான். கிளட்ச் எங்கேன்னு தேடுது. ஏய், கண்ணை ஏன் துடைக்கிற, அழறியா?

தங்கை: நான் ஏன் அழறேன்? ரோட்டைப் பாரு.

அண்ணன்: ரெண்டாவது கியர் விழுந்துச்சு... மூணாவது... அட, மாறினதே தெரியலையே!

தங்கை: மொதல்ல கழுதை மாதிரி உதைச்சுது. நாலு நாள் மண்டையைப் பிச்சுக்கிட்டேன். பார்த்தா, சென்சார் வயரு ரெண்டை இடம் மாத்திக் கொடுத்திருக்கேன்... கொடுத்திருக்காரு.

அண்ணன்: யாரு?

தங்கை: முதலாளி!

அண்ணன்: ம்ம்... ஐயோ, பாலத்து மேட்டுல சிக்னல் விழுந்துருச்சு. பின்னாடி பஸ்ஸு வேற.

தங்கை: பதறாத. நிறுத்து.

அண்ணன்: நின்னுருச்சு... பச்சை... பிரேக்கை எடுத்துட்டேன்... பின்னால உருளலை! அடேயப்பா, மேட்டுல கிளட்ச்சோட நான் பட்ட பாடு என்ன!

தங்கை: அண்ணே, இடது பக்கம் திரும்பணும். ஒர்க்‌ஷாப் அந்தப் பக்கம்தான், திரும்பிப் போகலாம்.

அண்ணன்: தெரியும். என் பொண்ணுக்கு ஸ்கூல் விடுற நேரம். இன்னைக்கு நான் போய் கூட்டிட்டு வரேன்.

தங்கை: ...ஓரமா நிறுத்து.

அண்ணன்: ஏன்? ஏதாவது சத்தம் கேக்குதா?

தங்கை: இல்லை. குழந்தையை ஏத்தறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடணும். முதலாளி இந்த கியர்பாக்ஸைத் தொடவே இல்லை. மொத்த வேலையும் நான்தான். இப்படி ஒரு வேலை எனக்கு இதுதான் மொதல் தடவை. சொன்னா நீ ஏற மாட்டேன்னு...

அண்ணன்: தெரியும்.

தங்கை: என்ன தெரியும்?

அண்ணன்: மொதல் வாரமே உங்க முதலாளி போன் பண்ணிட்டாரு. ‘நான் முடியாதுன்னு ஒதுங்கின வேலை, உங்க தங்கச்சி தனியா இறங்கிட்டா’ன்னாரு.

தங்கை: தெரிஞ்சுக்கிட்டேதான் ஏறினியா?

அண்ணன்: தெரிஞ்சதாலதான்டி ஏறினேன். அவரு மாட்டியிருந்தா நான் ஜன்னலை விட்டே எந்திரிச்சிருக்க மாட்டேன்.