கவாத்து வாத்தியார் வீட்டு நடை

எங்கள் வீட்டில் யாரும் செருப்பைத் தரையில் இழுத்து நடக்க மாட்டோம். நீங்கள் படியேறி வந்தபோதே கவனித்தேன், நீங்களும் பாதத்தைத் தூக்கி வைத்துத்தான் நடக்கிறீர்கள். உட்காருங்கள். மகள் எங்கே என்று கேட்டீர்கள். சொல்கிறேன். எதையும் மறைக்கும் வழக்கம் எனக்கு இல்லை.

காவலர் பயிற்சிப் பள்ளியில் கவாத்து சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவன் நான். மகளுக்கு ஏதோ அபூர்வமான எலும்பு நோய் என்று உங்கள் மருத்துவமனையில் சொன்னார்கள். எலும்பை இறுக வைக்கும் சத்து உடம்பில் தங்காமல் சிறுநீரோடு போய்விடுகிறதாம். என்னைக் கேட்டால், கால் கொஞ்சம் வளைந்திருந்தது, பக்கவாட்டில் சாய்ந்து நடந்தாள், அவ்வளவுதான்.

அங்கே நடையை அளக்கும் நீண்ட அறையில் அவளை முதலில் நடக்கவைத்தது நீங்கள்தான். இடுப்பிலும் முட்டியிலும் கணுக்காலிலும் மினுங்கும் சின்னச் சின்ன உருண்டைகளை ஒட்டினீர்கள். சுற்றிலும் கேமரா.

“அப்பா, இனிமே என்னை இருட்டுல தொலைச்சாக்கூடக் கண்டுபிடிச்சிடலாம்,” என்று சிரித்தாள்.

“நல்லா நடக்கணும்னு இல்லடா கண்ணு. வீட்ல எப்படியோ அப்படியே நட,” என்றீர்கள்.

அங்கேதான் பிசகு. வெளியார் முன்னால் வீட்டில் இருப்பதுபோல இருந்து எங்கள் குடும்பத்தில் யாருக்கும் பழக்கமில்லை.

தரையில் பதித்திருந்த, காலின் பாரத்தை அளக்கும் பலகை அவளைக் காட்டிக்கொடுத்தது. வலது காலில் பாரம் வைக்கப் பயப்படுகிறாள், தொடை எலும்பில் கீறல் விடத் தொடங்கியிருக்கலாம், அடுத்த முறையும் நடை இப்படியே இருந்தால் உள்ளே கம்பி வைத்துவிடலாம் என்றார் டாக்டர். அதோடு விட்டிருக்கலாம். என் பக்கம் திரும்பினார்.

“ஐயா, இது பரம்பரையா உங்க பக்கத்துலேருந்து வந்ததா இருக்கலாம். அடுத்த தடவ வரும்போது நீங்களும் ஒரு நடை நடந்து காட்டுங்க.”

மகனுக்குப் பெண் பேசி முடித்திருந்த சமயம் அது. பெண் வீட்டார் துருவித் துருவி விசாரிக்கிறவர்கள். நான் அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு கேமரா முன்னால் நடப்பதா? என் இடது செருப்புக்குள் ஒரு தோல் அடுக்கு கூடுதலாக இருப்பது அதைத் தைத்தவனுக்கு மட்டும்தான் தெரியும். என் மனைவி போய்ச் சேரும்வரை அவளுக்குக்கூடத் தெரியாது.

மகளின் நடை நேராகிவிட்டால் என்னை ஏன் நடக்கச் சொல்லப்போகிறார்கள்? ஆகவே அவளுக்குப் பயிற்சி கொடுத்தேன். வீட்டு நடைவழியின் கோடியில் அலமாரிக் கண்ணாடியைச் சாய்த்து வைத்தேன். அவள் தோள்மேல் என் பழைய பிரம்பைக் குறுக்கே வைத்தேன். பிரம்பு சாய்ந்தால் மறுபடி முதலிலிருந்து. முகம் சுளித்தாலும் முதலிலிருந்து. எடை பார்க்கும் மெஷினை நடுவில் போட்டு, இடது காலுக்குக் காட்டும் எடையை வலது காலுக்கும் காட்டும்வரை ஏறி நிற்கச் சொன்னேன்.

“அப்பா, நான் என்ன கொடி வணக்கத்துக்கா போறேன்?” என்று ஆரம்பத்தில் கேலி பேசினாள்.

பிறகு, “வலிக்குதுப்பா,” என்றாள்.

“வலிக்கிறத ஊருக்குத் தண்டோரா போடணுமா?” என்று கேட்டேன். அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. சொன்னதைப் புரிந்துகொள்கிற பெண்.

இரண்டாம் முறை அவள் நடந்ததை நீங்களே பார்த்தீர்கள். “அடேயப்பா, எங்க டாக்டரே இவ்வளவு நேரா நடக்க மாட்டாரு,” என்று அவளைக் கட்டிக்கொண்டீர்கள். இரண்டு காலும் சரிசமம். கம்பி வேண்டாம், கொஞ்ச காலம் பார்ப்போம் என்றார் டாக்டர். என்னை நடக்கச் சொல்ல அவருக்கு நினைவு வரவில்லை. பணிக்காலத்தில் வாங்கிய பதக்கம்கூட எனக்கு அவ்வளவு நிறைவைத் தந்ததில்லை.

கல்யாணத்துக்கு முன்பு, பெண் வீட்டார் வருவதாக இருந்த நாளின் காலையில், நடைவழியில் ஒரு ஒத்திகை வைத்தேன். வலது காலை ஊன்றினாள். தொடை எலும்பு முறிந்தது. சத்தம் பெரிதாக இல்லை. அவளும் கத்தவில்லை. சுவரைப் பிடித்தபடி சரிந்து உட்கார்ந்து, என்னைப் பார்த்தாள். மருத்துவமனைக்குக் கொண்டுபோனால் தெருவே கூடியிருக்கும். அதனால் நானே காலை இழுத்து நேராக்கி, பிரம்பை வைத்துக் கட்டி, பின்னறையில் படுக்கவைத்தேன். வந்தவர்களிடம் அவள் மேல்படிப்புக்கு வெளியூர் போயிருப்பதாகச் சொன்னேன். வேறு ஊரில் வேலை பார்க்கும் மகனிடமும் அதையேதான் சொன்னேன். கல்யாணம் ஒரு குறையுமில்லாமல் நடந்தது. நீங்கள் போன் செய்தபோதெல்லாம் நன்றாக இருக்கிறாள் என்றேன். பொய் இல்லை. வேளாவேளைக்குச் சாப்பாடு வைக்கிறேன். ஜன்னலுக்கு மட்டும் உள்பக்கம் வண்ணம் அடித்திருக்கிறேன், கதவை வெளியில் பூட்டியிருக்கிறேன். பின்தெருவைப் பார்த்த ஜன்னல் அது.

ஆமாம், என் மகளின் காலை முறித்ததும் நான், அடைத்துவைத்ததும் நான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஒரு தகப்பன் செய்யவேண்டியதைச் செய்தேன் என்றும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். முந்தாநாளிலிருந்து வைத்த தட்டு வைத்தபடியே இருக்கிறது. பிடிவாதம். எங்கள் குடும்பத்துப் பிடிவாதம்.

நான் பேசிக்கொண்டிருக்கும்போதே போனில் செய்தி அனுப்பிவிட்டீர்கள் போலிருக்கிறது, உங்கள் ஆட்கள் வாசலில் சக்கர நாற்காலியை இறக்குகிறார்கள். எதிர்வீட்டில் எல்லோரும் வெளியே வந்து பார்க்கிறார்கள். தயவுசெய்து அதைத் திரும்ப வண்டியில் ஏற்றச் சொல்லுங்கள். இதோ சாவி. கதவைத் திறந்து பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், போதும். அவள் நடந்தே வருவாள்.