பீட்சா அடுப்பில் பால் காய்ச்சியது

ரொம்சோஸ் போகும் சுரங்க ரயிலில் எனக்கு எதிரே இரண்டு தமிழர்கள் இருந்தார்கள். பீட்சாக் கொம்பனியின் ஜாக்கெட் போட்டவர்தான் தொடங்கினார்.

“என்ரை மூண்டாவது கடை திறக்கேக்கை பால் பொங்கினதை ஒருத்தரும் காணேல்லை மச்சான்.”

“ஏன், எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டே நிண்டனீங்கள்?”

“அங்கை பீட்சா சுடுற அடுப்பு மட்டும்தான். ஒரு பக்கம் வைச்சால் பெல்ட் இழுத்துக்கொண்டுபோய் மற்றப் பக்கத்தாலை விடும். பால்சட்டி முதல்தரம் சும்மா சூடாகி வந்தது. திரும்ப விட்டம். பாதிப் பாலோடை வந்தது. மிச்சம் உள்ளுக்கை பொங்கிப்போச்சு. கொம்பனியிலையிருந்து வந்த வெள்ளைக்காரன் தலையிலை கையை வைச்சிட்டான்.”

“வியாபாரம்?”

“மற்ற இரண்டையும் விட நல்லாப் போகுது.”

“அப்ப பொங்கினதுதானே!”

“மனிசி ஒத்துக்கொள்ளுறாள் இல்லை. தான் காணாதது கணக்கிலை இல்லையாம். அண்டைக்குப் பிறகு இன்னும் அந்தக் கடைப்பக்கம் வரேல்லை.”

நான் இறங்கவேண்டிய நிறுத்தம் வந்து போனது. நான் எழும்பவில்லை.

“வெள்ளைக்காரன் என்ன சொல்லுறான்?”

“நாலாவது கடை திறக்கேக்கை தானே ஒரு மின்சார அடுப்புக் கொண்டுவாறானாம். பால் பொங்கினாப் பிறகுதான் ரிப்பன் வெட்டுவானாம்.”