ரெண்டு வரி பாடுங்க

டீ நல்லா இருக்குது மேடம். இஞ்சி தட்டிப் போட்டிருக்காங்க. எங்க ஸ்டுடியோவுல கெஸ்டுக்குக் குடுக்கற டீ வெந்நி மாதிரி இருக்கும். பதினாலு வருஷமா நானும் சொல்லிக்கினுதான் இருக்கறேன், ஒருத்தரும் காதுல வாங்கறதில்ல.

நீங்க கேட்டதுக்கு வர்றேன். அந்தப் பையன ஏன் மூணு தடவ பாட வெச்சேன்னு கேட்டீங்க. இதுக்கு முன்னாடி வந்த ஆபீசருங்க எல்லாம் நான் அவன்கிட்ட என்னா கேள்வி கேட்டேன்னுதான் துருவினாங்க. நீங்க ஒருத்தருதான் தொழில் தெரிஞ்ச மாதிரி கேட்டீங்க.

எங்க தொழில்ல ஒரு அளவு உண்டு. வேற வேலையில பேரு வாங்கிட்டு அப்பறமா பாட்டுப் பக்கம் வர்றாங்க பாருங்க, சீரியல்ல நடிக்கறவங்க, சமையல் வீடியோ போடறவங்க, மேடையில பேசறவங்க, அவங்க எல்லாருக்கும் அதே அளவுதான். "ரெண்டு வரி பாடுங்களேன்"னு கேப்போம். கூச்சப்படற மாதிரி சிரிச்சிட்டு, தொண்டையக் கனைச்சிட்டுப் பாடுவாங்க. மூணாவது வரியில சுதி போயிடும், பாக்கறவங்க சேனல மாத்திடுவாங்க. அதனால ரெண்டாவது வரி முடியறப்ப நான் கை தட்டிடுவேன். கை தட்டினா எப்பேர்ப்பட்டவங்களும் நிறுத்திடுவாங்க. பாராட்டறேன்னு நெனச்சிப்பாங்க, பாவம்.

பதினாலு வருஷத்துல நான் கை தட்டாம உட்டது தேவா ஒருத்தனுக்குத்தான்.

எங்க சேனல் விழுப்புரத்துல ஒரு மாடியில நடக்கற லோக்கல் கேபிள் சேனல். எங்க அண்ணன் ஊரு வரைக்கும் தெரியும். சனிக்கிழம சாயந்திரம் ஏழு மணிக்கு என்னோட நிகழ்ச்சி, லைவு. ராஜ்குமார்னு சொன்னா யாருக்கும் தெரியாது, "சனிக்கிழம ராஜ்குமாரா"ன்னு கேப்பாங்க. கல்யாண வீட்டுக்குப் போனா மொதப் பந்தியிலயே எடம் போட்டுடுவாங்க. எனக்கு அது புடிக்கும், மறைக்க ஒண்ணும் இல்ல.

தேவா கபடிக்காரன். டி.வி.ல வர்ற பெரிய போட்டியில ரெண்டு வருஷம் ஆடினான். முட்டி போச்சு. ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுத்துக்கினே ஒரு பாட்டு எழுதி, அவனே மெட்டுப் போட்டு, அவனே பாடி நெட்டுல உட்டான். நாப்பது லட்சம் பேரு பாத்துட்டாங்க. மெட்ராஸ்ல பெரிய பெரிய சேனல்காரங்க எல்லாம் கூப்புட்டாங்க. அவன் மொதல்ல எங்கிட்டத்தான் வந்தான்.

பானு சொல்லித்தான் வந்தான். பானுப்ரியா எங்க அண்ணன் சீனுவாசனோட பொண்ணு, ஒரே பொண்ணு. வல்லத்துக்குப் பக்கத்துல எங்க ஊரு. அங்கிருந்து தெனமும் திண்டிவனத்துக்கு பஸ்சுல போயி நர்சிங் படிச்சா. பன்னண்டாவது முடிச்சதும் கல்யாணம்னு அண்ணன் நின்னப்ப, படிக்கட்டும்னு சண்ட போட்டவன் நான். காலேஜுல சேத்து உட்டதும் நான்தான். அத நீங்க யாருகிட்ட வேணாலும் விசாரிச்சுக்கலாம்.

அந்தப் பாட்ட நான் மொதல்ல கேட்டது டீக்கடையில. எவனோ போன்ல போட்டான். நல்ல பாட்டு மேடம். அதுல ரெண்டு வரி வரும்.

"தோல மட்டும் கைக்குட்டையில முடிஞ்சு வெச்சவளே
பருப்ப எல்லாம் எங்கையில கொட்டி வெச்சவளே."

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுல மல்லாட்டை, அதான் வேர்க்கடல, வாங்கிக்கினு பஸ் ஏறாத ஆளு கெடையாது. தின்னுட்டுத் தோல சீட்டுக்கு அடியில போடுவாங்க, இல்ல ஜன்னல்ல வீசுவாங்க. கைக்குட்டையில முடிஞ்சு வீட்டுக்கு எடுத்துக்கினு போற பொண்ணு எனக்குத் தெரிஞ்சு ஒண்ணே ஒண்ணுதான். அத அவளுக்குச் சொல்லிக்குடுத்தவனும் நான்தான். ஆறு வயசுல என் வண்டி டேங்க் மேல உக்காந்து தின்னுக்கினு வருவா, தோலு எல்லாம் என் சட்ட மேல பறக்கும். "கைக்குட்டையில போடுடி"ன்னேன். ஒரு தடவதான் சொன்னேன். அப்படி ஒரு புள்ள. கையில இருந்த டீயக் குடிக்காமலே வெச்சிட்டு வந்துட்டேன்.

தேவா எங்க ஊருக்கு அடுத்தாப்ல இருக்கற காலனிப் பையன். அதுக்கு மேல நான் விளக்க வேணாம், நீங்க இந்த மாவட்டத்துல வேல பாக்கறவங்க. எனக்கு அந்த வித்தியாசம் எல்லாம் கெடையாது. எங்க ஸ்டுடியோவுல எல்லாருக்கும் ஒரே கப்புதான்.

புதன்கிழம மத்தியானம் பேச வந்தான். லைவுக்கு முன்னாடி கெஸ்ட உக்கார வெச்சு, எதக் கேக்கலாம் எதக் கேக்க வேணாம்னு பேசிக்கறது எங்க வழக்கம். முட்டிக்கு உறை போட்டிருந்தான், நொண்டிக்கினே வந்து கால்ல உழப் பாத்தான். நான் தடுத்துட்டேன்.

"பானு சொல்லுச்சு. எங்க வீட்ல எல்லாரும் ஒரு மாதிரி, எங்க சித்தப்பா மட்டும் அப்படி இல்ல, அவர்கிட்ட போன்னு சொல்லுச்சுங்க."

"சரி, சொல்லு."

"வர்ற திங்கக்கிழம திண்டிவனத்துல ரிஜிஸ்டர் பண்ணலாம்னு இருக்கறோம். சாட்சிக் கையெழுத்து போட ஒரு ஆளு கொறையுது. அது நீங்களா இருந்தா பானுவுக்கு வேற எதுவுமே வேணாமாம்."

போடறேன்னு சொன்னேன். அப்பத்தான் அவன், "உங்கள சித்தப்பான்னு கூப்புடலாமா"ன்னு கேட்டான். கூப்புடு, ஆனா லைவுல வேணாம்னேன். அப்பறம் நானே ஒரு யோசன சொன்னேன். "வீட்ல திடுதிப்புனு தெரிஞ்சா பேஜாராயிடும். மெதுவா பழகட்டும். நான் பேரு கேக்க மாட்டேன், நீயும் சொல்லாத. மத்தபடி நான் என்னா கேட்டாலும் உண்மையச் சொல்லு. ஜனங்க கை தட்டினா எங்க அண்ணன் மனசும் எளகும்." அவன் அத அப்படியே நம்பினான். டி.வி.ல பேசறவன் சொன்னா நம்பிடுவாங்க.

வியாழக்கிழம ஊருக்குப் போனேன். அண்ணன் களத்துல மல்லாட்டை காய வெச்சுக்கினு இருந்தாரு. ரெண்டு மாப்பிள்ளைய பானு வேணாம்னுட்டா, அந்தக் கோவம் அவருக்கு மாசக்கணக்கா இருந்துச்சு.

"நீதானடா படிக்க வெக்கச் சொன்ன? எவன்னு எனக்குத் தெரியணும். இல்லாட்டி இந்த ஜென்மத்துக்கும் என் வாசப்படிய மிதிக்காத."

"தெரிஞ்சா என்னா பண்ணுவீங்க?"

காயக் கிண்டி உட்டாரு. "அத நான் பாத்துக்கறேன்" அப்படின்னாரு.

என் வாயால பேரு வரல மேடம். தயவு செஞ்சு அத எழுதிக்கச் சொல்லுங்க. சனிக்கிழம ஏழு மணிக்கு டி.வி. போடுங்க, பானுவப் பக்கத்துல உக்கார வெச்சுக்கினு பாருங்கன்னு மட்டும் சொன்னேன். பேட்டி எடுக்கறவன் பதில் சொல்லக் கூடாது. பதில் கெஸ்டுதான் சொல்லணும். அது என் தொழில் நேர்மை.

சனிக்கிழம காலையில பானு போன்ல செய்தி அனுப்பினா. "தேங்க்ஸ் சித்தப்பா"ன்னு, கூடவே கும்புடற கை பொம்ம. நான் கட்ட வெரல் பொம்ம அனுப்பினேன். அது உங்ககிட்ட இருக்கற என் போன்லயே இருக்கும்.

நிகழ்ச்சிய நீங்களும் பாத்திருப்பீங்க. மொதல்ல சோறு பத்திக் கேட்டேன். கேப்பக் களியா, இட்லியான்னு. அப்பறம் கபடி, முட்டி வலி. ஆளு எளகிட்டான். அதுக்கப்பறம்தான் பாட்டு. "பேரு வேணாம் தேவா, பேரு மட்டும் சொல்லிடாதீங்க"ன்னு ஆரம்பிச்சேன். எல்லாப் பேட்டிக்காரனும் இப்படித்தான் ஆரம்பிப்பான். பேரு வேணாம்னுட்டா மத்தது எல்லாம் தானா வரும். எந்த பஸ்சு? செஞ்சியில இருந்து திண்டிவனம் போற பஸ்சு. எங்க ஏறுவாங்க? வல்லம் தாண்டி. என்னா படிக்கறாங்க? நர்சு. அந்தக் கைக்குட்ட என்னா கலரு? அவன் வெக்கப்பட்டு சிரிச்சிட்டு, பச்சன்னான். ஓரத்துல மஞ்சப் பூ தெச்சிருக்கும்னான்.

அந்தப் பூவ தெச்சது எங்க பாஞ்சாலி அண்ணி. அண்ணன் தெனமும் அந்தக் கைக்குட்ட கொடியில காயறதப் பாக்கறவரு.

அப்ப மணி ஏழு இருவத்தொண்ணு. மேசைக்குக் கீழ என் போனு ஒரு தடவ மினுக்குச்சு. நான் தேவாவப் பாத்து, "ரெண்டு வரி பாடுங்க"ன்னேன். ரெண்டு வரி பாடினான். நான் கை தட்டல. அவன் என்னப் பாத்தான். முழுசா பாடுங்கன்னேன். முழுசா பாடினான். இன்னொரு தடவ, நல்லா தொறந்து பாடுங்க, வீட்ல பாக்கறவங்களுக்குக் கேக்கணும்னேன். கண்ண மூடிக்கினு பாடினான். மூணாவது தடவையும் கேட்டேன். கேமராமேன் கையாலயே போதும் போதும்னு காட்டினாரு. நான் அந்தப் பக்கம் திரும்பல.

மூணாவது தடவ பாதியில போனு மறுபடியும் மினுக்குச்சு. நான் கை தட்டினேன். அவன் நிறுத்திட்டான்.

வெளிய வந்தப்ப அவன் மூஞ்சி பளபளன்னு இருந்துச்சு. "சித்தப்பா, அது பாத்திருக்கும் இல்ல?"ன்னு கேட்டான். பாத்திருக்கும்னேன். சாப்புட்டுட்டுப் போடான்னு பரோட்டா வாங்கிக்குடுத்தேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வண்டியில கொண்டு போயி உட்டேன்.

பானு வயித்து வலி தாங்காம பூச்சி மருந்து குடிச்சிட்டா அப்படின்னு அண்ணன் ஸ்டேஷன்ல எழுதிக்குடுத்தாரு. கீழ நான் சாட்சிக் கையெழுத்து போட்டேன். அந்த ஒரே வாரத்துல பானுவுக்காக ரெண்டு சாட்சிக் கையெழுத்துக்கு ஒத்துக்கினேன், ஒண்ணுதான் போட முடிஞ்சுது. அப்பறம் டாக்டரு கழுத்துல காயம் இருக்குதுன்னு எழுதிட்டாரு. நீங்க வந்தீங்க.

அண்ணனுக்குப் பக்கத்து வீட்டு கோவிந்தம்மாள் உங்ககிட்ட என்னா சொன்னாங்கன்னு எனக்குத் தெரியும். கத்தற சத்தம் எதுவுமே கேக்கல, டி.வி.ல ஒரே பாட்டு திரும்பத் திரும்ப ஓடுச்சு, அவ்ளோ சத்தமான்னு திட்டிக்கினே படுத்தேன்னு சொல்லியிருப்பாங்க. ஆமா. சத்தம் வெச்சுப் பாருங்கன்னு அண்ணன்கிட்ட சொன்னவன் நான்தான். அண்ணியும் அன்னிக்கு ஊர்ல இல்ல, அனந்தபுரத்துல அவங்க அம்மா வீட்டுக்குப் போயிருந்தாங்க. அனுப்பிடுங்கன்னு சொன்னவனும் நான்தான். அவங்களுக்கு மனசு தாங்காது. ஆரம்பிக்கறப்ப ஒரு மிஸ்டு காலு, முடிஞ்சா ஒரு மிஸ்டு காலுன்னு களத்துலயே பேசிக்கினோம். அண்ணன் பாத்துக்கறேன்னு சொன்னப்பவே எனக்குப் புரிஞ்சுடுச்சு. தெரியாதுன்னு இதுக்கு முன்னாடி வந்தவங்ககிட்ட சொன்னேன். உங்ககிட்ட சொல்லத் தோணல. நீங்க நல்லா கேக்கறீங்க. மொதல்ல டீ குடுத்தீங்க பாருங்க, அதுலயே நான் எளகிட்டேன்.

சத்தம் வெளிய கேக்கக் கூடாதுன்னு மட்டும்தான் பாட வெச்சியான்னு கேக்கறீங்க. அதுக்கு மட்டும்னா எந்தப் பாட்டு போட்டாலும் போதுமே மேடம். விளம்பரம் போட்டாக்கூட போதும். நானே தூக்கி வளத்த புள்ள அது. எனக்கும் நெஞ்சு வலிச்சுது. அதுக்குப் புடிச்ச பாட்டு, புடிச்ச குரலு, கடைசி வரைக்கும் காதுல உழட்டும்னுதான் முழுசா பாடச் சொன்னேன். யோசிச்சுப் பாருங்க, அன்னிக்கு அந்தப் பொண்ணுக்காக நெனச்சுப் பாத்த மனுஷன் நான் ஒருத்தன்தான்.